சம்பந்தி வீட்டுப் புகை

ஒரு காட்டில் ஒரு சிங்கராஜா என்றுதான் கதை சொல்வார்கள். எனக்கு அது கட்டுப்படியாகாது. காற்று ஒரு காட்டோடு நிற்பதில்லை. அதனால் இந்தக் கதைக்குக் காடும் ரெண்டு, ராஜாவும் ரெண்டு. மேற்கே மேல்காடு, கிழக்கே கீழ்க்காடு, நடுவில் ஒரு முள்வேலி. கீழ்க்காட்டு ராஜா தன் ஒரே பெண்ணை மேல்காட்டு ராஜாவின் மகனுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்.

மேல்காட்டில் கரடிகள் செங்கல் சூளை போட்டன. சிங்கத்துக்கு எதற்குச் செங்கல் என்று கேட்காதீர்கள், அரண்மனைக்கு மாடி எடுக்கிறார்களாம். விறகு போதாமல் பழைய டயரைப் போட்டு எரித்தார்கள். ஆடி பிறந்து மேல்காற்று எடுத்ததும் அந்தப் புகை அப்படியே வேலியைத் தாண்டிக் கீழ்க்காட்டில் வந்து இறங்கியது.

கீழ்க்காட்டில் பேச்சியம்மாள் என்று ஒரு முயல். அவளுடைய குட்டிக்கு வீசிங் வந்துவிட்டது. பால் கொடுத்தால் குடிக்க மூச்சில்லை, நெஞ்சு மட்டும் ஏறி ஏறி இறங்கியது. இருக்கிறது ஒரு பிள்ளை, அதுவும் போய்விடுமோ என்று குட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அரண்மனைக்கு ஓடினாள்.

அங்கே இருமலுக்கு ஒரு வரிசை, கண்ணெரிச்சலுக்கு ஒரு வரிசை. எதில் நிற்பது என்று சொல்ல ஆளில்லாமல் ரெண்டிலும் நின்று, டோக்கன் வாங்கி உள்ளே போனாள். உள்ளே காற்றை அளக்கும் மிஷின் ஒன்று சிவப்பு விளக்கோடு கத்திக்கொண்டிருந்தது. மந்திரி நரியார் அதற்கு ஒரு பட்டுச் சால்வை போர்த்தியிருந்தார். மிஷினுக்கு மரியாதை செய்த மாதிரியும் ஆயிற்று, அதன் வாயை அடைத்த மாதிரியும் ஆயிற்று.

சூளையை அணைக்கச் சொல்லி மேல்காட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள் என்று பேச்சியம்மாள் ராஜாவின் காலில் விழுந்தாள். ராஜா பதறிப்போனார்.

"பொண்ணைக் கொடுத்த இடம்மா அது. நான் வாயைத் திறந்தா நாளைக்கு எம் பொண்ணுல்ல அங்க கண்ணைக் கசக்கிட்டு நிப்பா?"

அந்தப் பெண் அங்கே சூளைப் புகையில் ஏற்கெனவே கண்ணைக் கசக்கிக்கொண்டுதான் இருந்தாள். அதை யார் போய்ச் சொல்வது?

முயல் என்றால் சிங்கத்தை ஏமாற்றிவிடும் என்று கதை சொல்லிச் சொல்லியே முயல்களைக் கெடுத்து வைத்திருக்கிறார்கள். பேச்சியம்மாளும் ஒரு யோசனை பண்ணினாள். ராஜாவுக்கு ரோஷத்தைக் கிளப்பிவிட்டால் காரியம் நடந்துவிடும் என்பது அவள் கணக்கு.

"மகாராஜா, கல்யாணம் முடிஞ்சு இத்தனை நாளாச்சு. மாப்பிள்ளை வீட்டுல இருந்து நமக்கு வந்தது இந்தப் புகை ஒண்ணுதான். இதையே சீருன்னு வச்சுக்கிடுவோமா?"

ராஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டிலிருந்து பெண் வீட்டுக்குச் சீர் வருவது லேசுப்பட்ட காரியமா? இத்தனை நாளும் பதில் மரியாதை செய்யாமல் இருந்துவிட்டோமே என்று நரியாரைப் பிடித்து ஏசினார். பெண் வீடென்றால் ஒன்றுக்கு ரெண்டாகத் திருப்பிச் செய்ய வேண்டும் என்று நரியார் எடுத்துக் கொடுத்தார். கீழ்க்காட்டிலும் ரெண்டு பங்கு பெரிதாகச் சூளை எழும்பியது. பேச்சியம்மாளின் வளை இருந்த மேட்டில்தான் மண் நல்ல மண்ணாம். அவள் வாயே அவளுக்குச் சத்துரு ஆனது.

ஐப்பசியில் காற்று திரும்பி, புகை மேற்கே போனது. மேல்காட்டு ராஜா மேளதாளத்தோடு வேலிவரை வந்து எதிர்கொண்டார். நாதஸ்வரம் வாசித்த கொக்குக்குப் பாதியில் மூச்சு நின்றுபோயிற்று, பாவம். சம்பந்தி இவ்வளவு செய்யும்போது நாம் சும்மா இருப்பதா என்று அவர் இன்னும் நாலு சூளைக்கு உத்தரவு போட்டார்.

பேச்சியம்மாளுக்கு இப்போது ஆடியும் ஒன்றுதான், ஐப்பசியும் ஒன்றுதான். குட்டியின் உதடு நீலம் பாரித்துவிட்டது. ராஜாக்கள் கேட்காவிட்டால் போகட்டும், அங்கே கட்டிக்கொடுத்த ராஜாவின் பெண் கேட்பாள், அவளும் பிள்ளை பெறப் போகிறவள்தானே என்று குட்டியை மாரோடு அணைத்துக்கொண்டு வேலிக்கு ஓடினாள். காவலுக்கு நின்ற ஓநாய் ஈட்டியைக் குறுக்கே நீட்டியது. அனுமதிச் சீட்டு இருக்கிறதா, ஆதாரம் இருக்கிறதா, உள்ளே தெரிந்தவர் யாராவது உண்டா என்று விசாரித்தது. அவள் குட்டியைத் தூக்கிக் காட்டினாள். அது செல்லாது என்று சொல்லிவிட்டது.

அந்நேரம் புகை ஒரு பெரிய திரளாக வேலிக்கு மேலே வந்தது. ஓநாய் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தது. இருமல் வந்தபோதும் கையை இறக்கவில்லை.

பேச்சியம்மாள் அண்ணாந்து புகையைக் காட்டினாள். "அதை மட்டும் எதுவும் கேக்காம விடுறீகளே அய்யா?"

"அது சம்பந்தி வீட்டுச் சீரும்மா. நீ யாரு?" என்றது ஓநாய்.

பேச்சியம்மாள் குட்டியின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நீதி: குழந்தைகளே, அடுத்த பிறவியிலாவது புத்தியாகப் பிழையுங்கள். பெரிய இடத்துப் புகையாகப் பிறந்துவிடுங்கள்.