இருபது மார்க் கேமரா

நடந்தது இவ்வளவுதான்:

1. அப்பாவுக்கு ஒரு ஸ்மார்ட்போன் வாங்கித் தருவதென்று முடிவு செய்தேன்.
2. கடைகளில் இருந்த நல்ல போன்களையெல்லாம் அட்டவணை போட்டு ஒப்பிட்டேன்.
3. அதிக மார்க் எடுத்த போனை வாங்கினேன்.
4. அது எதனால் அதிக மார்க் எடுத்ததோ அந்தப் பாகத்தை ஆள் வைத்துத் தோண்டி எடுத்தேன்.
5. அப்பாவை உட்கார வைத்து விசாரித்தார்கள்.
6. காப்பாற்றப் போனேன். என்னையும் உட்கார வைத்தார்கள்.

முதல் மூன்றிலும் என் மேல் தப்பே இல்லை என்று ரொம்ப நாள் வாதாடிக்கொண்டிருந்தேன். இப்போதெல்லாம் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டு வாதாடுகிறேன்.

அப்போது ஹைதராபாத்தில், அல்வால் பகுதியில் இருந்தோம். அப்பாவுக்கு பாலாநகரில், விமானங்களுக்கான மின்னணுக் கருவிகள் செய்யும் தொழிற்சாலையில் வேலை. உள்ளே அவர் என்ன செய்கிறார் என்று கேட்டால் "பார்ட்ஸ்" என்பார். அதற்கு மேல் அம்மாவுக்கே தெரியாது. எங்களுக்குத் தெரிந்த ஒரே விஷயம், அப்பா தன் சர்வீஸில் ஒரு மெமோகூட வாங்கியதில்லை என்பது. அடையாள அட்டையை மறந்தால் மெமோ, ஸ்கூட்டரைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தினால் மெமோ என்று இருந்த இடத்தில் அது சாதாரண விஷயமில்லை. அங்கே ஒருவர் ஓய்வு பெறும் நாளில் கேன்டீன் ஹாலில் எல்லோரையும் கூட்டி, துறைத் தலைவர் அவருடைய சர்வீஸ் விவரங்களை வாசிப்பார். "மெமோ: இல்லை" என்று தன் பெயருக்கு நேராக வாசிக்கப்போகும் அந்த வரிக்காக அப்பா காத்திருந்தார். ஓய்வுக்குச் சில மாதங்களே இருந்தன.

நான் மாதாப்பூரில் மென்பொருள் டெஸ்டர். அடுத்தவர் செய்த வேலையில் குறை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம். (வீட்டில் இதைச் சம்பளமில்லாமலும் செய்கிறேன் என்பது தங்கை நித்யாவின் கருத்து.) அப்பா வைத்திருந்தது பொத்தான் தேய்ந்துபோன பழைய போன். ஓய்வு பெறுவதற்குள் அவர் கையில் ஒரு நல்ல போனைக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

அட்டவணை போட்டேன். கொரியா, தைவான், பின்லாந்து என்று ஐ.நா. சபை மாதிரி வரிசை கட்டி நின்றன போன்கள். திரைக்கு இத்தனை, பேட்டரிக்கு இத்தனை, கேமராவுக்கு இருபது என்று மார்க் பிரித்தேன். தமிழ் எழுத்து எழுத்தாகத் தெரிகிறதா, கட்டம் கட்டமாகத் தெரிகிறதா என்பதற்குத் தனியாக ஒரு வரிசை. அதைச் சோதிக்க செகந்திராபாத் கடைகளில் காட்சிக்கு வைத்திருந்த போன் ஒவ்வொன்றிலும் தமிழ்ச் செய்தித் தளத்தைத் திறந்து பார்த்தேன். ஒரு கடையில் விற்பனையாளர் என்னைக் கண்டதுமே தேநீர் குடிக்கப் போய்விடுவார். மூன்று வாரம் சாப்பாட்டு மேஜையில் வேறு பேச்சில்லை. தைவான் போனா, கொரிய போனா என்று இரு தரப்புக்கும் நானே வக்கீலாக வாதாடினேன். கடைசியில் கொரிய போன் ஜெயித்தது. எதில் என்றால், கேமராவில்.

அப்பா பெட்டியைப் பிரித்தார். போனை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்தில் கண் நின்றது.

"மீனா, இதுல கேமரா இருக்குல்லா?"

"ஆமாப்பா, சூப்பர் கேமரா" என்றேன். வாயை மூடும்போதுதான் உறைத்தது. கேமரா உள்ள போன் தொழிற்சாலைக்குள் போகக்கூடாது. வாசலில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் அதைத் திரும்ப வாங்கும் வரிசையில் நின்றால் கம்பெனி பஸ் போய்விடும். அதனால்தான் அப்பா அந்தத் தேய்ந்த போனையே கட்டிக்கொண்டு அழுதார். இது நான் காலேஜ் போன நாளிலிருந்து எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விதி.

நித்யாவைப் பார்த்தேன். உனக்குத் தெரியும்தானே என்றேன்.

"ஹவ், தெரியும். நீ கேக்கலியே அக்கா" என்றாள். அவள் ஹைதராபாத்திலேயே பிறந்து படித்தவள்; 'ஆமாம்' அவள் வாயில் 'ஹவ்' என்றுதான் வரும். மூன்று வாரம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டவள்.

அம்மா மட்டும் சமாதானமாகச் சொன்னாள்: "நீ இவ்வளவு எழுதுதியே, அதுக்கும் ஏதாவது எழுதி வச்சிருப்பேன்னுல்லா நெனச்சேன்."

ஓய்வு பெற்ற பிறகு வைத்துக்கொள்கிறேன் என்றார் அப்பா. அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நான் டெஸ்டர். பிழை தெரிந்தால் அதைத் திருத்தாமல் தூக்கம் வராது. கேமராதானே பிரச்சினை? கேமராவை எடுத்துவிட்டால்?

கோட்டி கடைத்தெருவில் ஒரு சந்துக்குள் போன் ரிப்பேர் கடை. பெட்டி வாசனைகூடப் போகாத போனை நீட்டி, கேமராவை எடுத்துவிடுங்கள் என்றேன். கடைக்காரர் "கைக்கு?" என்றார். ஹைதராபாத் இந்தியில் 'எதுக்கு?' என்று அர்த்தம். ஏன் என்று விளக்கினேன். மறுபடியும் "கைக்கு?" என்றார். மூன்றாவது முறை கேட்காமல் திருப்புளியை எடுத்துவிட்டார். கேமரா கொத்துமல்லி விதை அளவில் வெளியே வந்தது. பின்பக்கம் ஒரு ஓட்டை. பார்க்க நன்றாக இல்லை என்று அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டச் சொன்னது நான்தான். என் யோசனைகளிலேயே மிக மோசமானது அது. கேமரா பொத்தானை அமுக்கினால் போன் மன்னிப்புக் கேட்டது. மற்றபடி பிரமாதமாக வேலை செய்தது.

"இப்போ இது கேமரா இல்லாத போன்" என்று அப்பாவிடம் கொடுத்தேன். அவர் கொஞ்சம் தயங்கினார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அந்தத் தயக்கத்தை நான் அட்டவணையில் ஒரு வரிசையாகச் சேர்த்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை வாசலில் காவலர் போனைத் திருப்பினார். கறுப்பு டேப். உரித்தார். ஓட்டை. கேமரா உள்ள போனுக்கு ஒரு விதி இருந்தது: டோக்கன். கேமரா இல்லாத போனுக்கு ஒரு விதி இருந்தது: போகலாம். கேமராவைத் தோண்டியெடுத்து, தோண்டிய இடத்தை மறைத்த போனுக்கு விதி இல்லை. விதி இல்லாத பொருளைக் கண்டால் என்ன செய்வது என்பதற்கு மட்டும் இருந்தது: மேலதிகாரியிடம் அனுப்பு.

எனக்கு அன்று மதிய ஷிப்ட். வீட்டில் இருந்தேன். அப்பா பாதுகாப்பு அறையிலிருந்து போன் செய்தார். குரல் கோயிலுக்குள் பேசுகிற மாதிரி இருந்தது.

"மீனா, அந்தக் கேமரா இப்போ எங்கட்டி இருக்கு? இவங்க கேக்காங்க."

இருக்கிறதப்பா, கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேனே தவிர, அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. வீட்டையே தலைகீழாக்கினோம். கடைசியில், என்ன தேடுகிறோம் என்று கேட்டுவிட்டு, அம்மா பூஜை அலமாரியிலிருந்து பழைய குங்கும டப்பாவை எடுத்துவந்தாள். சின்னப் பொருள், தொலைந்துவிடக் கூடாது என்று அதில் போட்டு வைத்திருக்கிறாள். ஆதாரத்துக்கு என்று அட்டவணையையும் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன். வழியெல்லாம் ஒரே நிம்மதி. கேட்டது கேமரா. கையில் இருப்பது கேமரா. தீர்ந்தது பிரச்சினை.

வாசலில் காவலரிடம் டப்பாவை நீட்டி, கேமரா கொண்டுவந்திருக்கிறேன் என்று இந்தியில் சொன்னேன். சொல்லி முடித்ததும் அந்த வாக்கியம் என் காதிலேயே விழுந்தது. அவர் டப்பாவைத் திறந்தார். குங்குமத்துக்குள்ளிருந்து ஒரு கண் அவரைப் பார்த்தது.

பிறகு நானும் அப்பாவுக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன். அவர் மடியில் டிபன் பாக்ஸ். நிமிர்ந்து பார்க்கவில்லை. வெளியே அவருடன் வேலை செய்பவர்கள் கேன்டீனுக்குப் போவதும் வருவதுமாக இருந்தார்கள். கண்ணாடி வழியாக எல்லோருக்கும் நாங்கள் தெரிந்தோம். அவர் போட்டிருந்தது நன்றாகத் தேய்த்த சட்டை. அது ஏனோ எனக்குத் தாங்கவில்லை.

பாதுகாப்பு அதிகாரி ராணுவத்திலிருந்து வந்தவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் அட்டவணையை முதல் வரியிலிருந்து கடைசி வரை வாசித்தார். என் மேனேஜர்கூட எதையும் அப்படி வாசித்ததில்லை. பிறகு இங்கிலீஷில் கேட்டார்.

"கேமராவுக்கு இருபது மார்க் போட்டிருக்கிறீர்கள்."

"ஆமாம் சார்."

"அதனால்தான் இந்தப் போன் முதலில் வந்திருக்கிறது."

"ஆமாம் சார்."

"வாங்கியதும் அதைத்தான் பிடுங்கியிருக்கிறீர்கள்."

"ஆமாம் சார்."

"இந்த அட்டவணை யாருக்காகப் போட்டது?"

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். முந்தைய வருடம் எனக்குப் போன் வாங்கப் போட்ட அட்டவணை அது. மார்க் பிரித்ததெல்லாம் என் தேவைக்கு. போன் பெயர்களைப் புதுசாக்கி, தமிழ் எழுத்துக்கு ஒரு வரிசை சேர்த்து, தலைப்பில் என் பெயரை எடுத்துவிட்டு 'அப்பா' என்று போட்டேன். அலுவலகத்தில் பழைய டெஸ்ட் பிளானை எடுத்துத் தலைப்பை மட்டும் மாற்றிக் கொடுப்பவர்களை நான் நார்நாராகக் கிழித்திருக்கிறேன்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். உளவு பார்க்க வருகிறவர்கள் இதைவிடப் புத்திசாலித்தனமாக வருவார்கள் என்று நினைப்பதாகவும், எங்களை முழுமையாக நம்புவதாகவும் சொன்னார். சொல்லிக்கொண்டே மெமோ எழுதினார். நம்புவது வேறு, மெமோ வேறு. அப்பா பேனாவை வாங்கி, ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டார். கேமராவை ஒரு கவரில் போட்டு அரக்கு வைத்து மூடினார்கள்.

சாயங்காலம் அப்பா வந்தார். குளித்தார். சாப்பிட உட்கார்ந்தார். ரசத்துக்கு வந்த பிறகுதான் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"கேமராவுக்கு இருபது மார்க்காட்டி, மீனா?"

அம்மாதான் முதலில் சிரித்தாள்.

ஓய்வு பெற்ற நாளில் குடும்பத்தோடு கேன்டீன் ஹாலுக்குப் போனோம். துறைத் தலைவர் வாசித்தார். "மெமோ: ஒன்று" என்றதும் ஹாலே சிரித்தது. முன்வரிசையில் பாதுகாப்பு அதிகாரியும் சிரித்தார். நான் தரையைப் பார்த்தேன். என்ன மெமோ என்று அப்பாவையே சொல்லச் சொன்னார்கள். "பார்ட்ஸ்" என்பதற்கு மேல் பேசத் தெரியாத என் அப்பா, மைக்கைப் பிடித்து, இந்தியும் தெலுங்குமாக, சந்துக் கடை "கைக்கு"விலிருந்து குங்கும டப்பா வரை ஒன்றுவிடாமல் சொன்னார். அட்டவணைக்குத் தனியாக நேரம் எடுத்துக்கொண்டார். அவருக்குப் பிறகு பேசியவர் யாருமே எடுபடவில்லை.

இன்றைய நிலை: அப்பா பொத்தான் போன்தான் வைத்திருக்கிறார். ஓட்டை விழுந்த போன் அம்மாவின் சமையலறையில் காலை அலாரம் அடிக்கிறது. நித்யா தன் போனை என்னைக் கேட்காமல் வாங்கினாள். நான் எதற்காவது அட்டவணை போட ஆரம்பித்தால் வீட்டில் யாராவது "கேமராவுக்கு எவ்வளவு?" என்பார்கள். கேமரா இன்னும் பாலாநகரில், அரக்கு வைத்த கவருக்குள் இருக்கிறது. நாங்கள் கேட்கவில்லை. அவர்களும் கொடுக்கவில்லை.