கம்ப்யூட்டர் சொன்ன ரெண்டாம் படி

கணக்கில் பட்டம் வாங்கியவளுக்கு ஒன்றிலிருந்து எட்டு வரை எண்ணத் தெரியாது என்றால் வெளியூரில் யாரும் நம்பமாட்டார்கள். பூம்பாறையில் நம்புவார்கள். அன்றைக்கு அவர்கள் எங்கள் காட்டில் குனிந்து பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். பிடுங்கச் சொன்னவள் நான்.

கல்லூரி முடித்த கையோடு நாயுடுபுரத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தேன். எண்களை வரிசை வரிசையாக அடுக்கிக் கணக்குப் போடுவதற்கென்றே ஒரு கணினி மொழி இருக்கிறது. அதன் அரிச்சுவடியை அங்கே சொல்லித்தந்தார்கள். முதல் நாளே எனக்கும் அதற்கும் ஆகவில்லை. ஜெயந்தி மிஸ் x = x + 1 என்று எழுதினார். "அது எப்படி மிஸ் சமமாகும்?" என்று எழுந்து நின்று கேட்டேன். (பட்டம் வாங்கியவள் அல்லவா!)

"இது சமம் இல்லம்மா. வலது பக்கம் வர்ற விடைய இடது பக்கத்துப் பேர்ல போட்டு வைக்கிறது. உக்காரு."

வரியின் கடைசியில் அரைப்புள்ளி வைத்தால் விடையை வெளியே காட்டாது. வைக்காவிட்டால் இருக்கிற எண்ணையெல்லாம் திரையில் கொட்டும். clc என்று அடித்தால் திரை மட்டும் சுத்தமாகும். clear என்று அடித்தால் நம் உழைப்பே சுத்தமாகிவிடும். இந்தக் கடைசிப் பாடத்தை மூன்று முறை அழுது கற்றுக்கொண்டேன்.

அந்தச் சமயம் பார்த்து அப்பா ஜீப்பிலிருந்து இறங்கும்போது வழுக்கிக் காலை உடைத்துக்கொண்டார். மாவுக்கட்டுடன் கட்டிலில் கிடந்தார். வெளியே பூண்டு முத்துகிற நேரம். வீட்டுக்குப் பின்னால் சரிவில் எட்டுப் படியாக வெட்டிய காடு எங்களுடையது. வரிசையில்லாமல் முன்னே பின்னே நட்டதில் ஒவ்வொரு படியும் ஒவ்வொரு பதத்தில் இருந்தது. அந்த வருஷ மழை அதையும் குழப்பிவிட்டிருந்தது. நன்றாக முத்திய படியை முதலில் பிடுங்கி அடுத்த வருஷ விதைக்கு எடுத்துவைப்போம். அதைத் தவறவிட்டால் விதை இல்லை. விதை இல்லாவிட்டால் அடுத்த வருஷம் பூண்டே இல்லை.

"பாப்பா, நீ ஏறிப் பாத்து எந்தப் படி நல்லா முத்திருக்குன்னு சொல்லு. தாளு காஞ்சு சாஞ்சிருக்கும், அம்புட்டுதான்," என்றார் அப்பா.

அம்புட்டுதானா? அப்புறம் விஞ்ஞானம் எதற்கு? படிக்கு இருபது செடி என்று சாரலில் நனைந்துகொண்டே காய்ந்த இலைகளை எண்ணி நோட்டில் குறித்தேன். இத்தனை எண்ணியவள் கண்ணால் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன்தான். கண் சொல்வதை நம்புவதற்கா ஃபீஸ் கட்டினேன்?

வீட்டுப் பின்வாசலில் நின்றால் மலை எப்படித் தெரியுமோ அப்படியே நோட்டில் வரிசைப்படுத்திக் கணினியில் ஏற்றினேன். உச்சிப் படி மேல் வரியில், வீட்டையொட்டிய படி கீழ் வரியில். படிக்கொரு சராசரி கேட்டேன். இருபது பதில் வந்தது. இருப்பதோ எட்டுப் படி! ஒரு மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்டபின் புரிந்தது. அது குறுக்கே கூட்டாமல் செங்குத்தாகக் கூட்டியிருந்தது. அதைத் திருத்தி, எட்டில் பெரியது எத்தனையாவது என்று கேட்டேன். 2 என்றது. அரைப்புள்ளி வைக்காமல் இன்னொரு முறை ஓட்டி, அந்த இரண்டைக் கண்குளிரப் பார்த்தேன். அப்பாவிடம் சொல்லவில்லை. அவரை அசத்துவதாக எண்ணம்.

மறுநாள் வெள்ளனே பாண்டியம்மா அக்கா தன் ஆட்களோடு வந்துவிட்டாள். வருஷா வருஷம் எங்களுக்குப் பூண்டு பிடுங்குகிறவள்.

"அக்கா, ரெண்டாம் படி. வெரசா ஆரம்பிங்க."

ஒரு செடியை இழுத்துப் பார்த்தாள். "ஏத்தா, பச்சப் பசேல்னு கெடக்கே. பல்லுகூடப் பிரியல. அப்பா சொன்னாகளா?"

"கம்ப்யூட்டர் சொல்லுச்சுக்கா."

"அது எப்ப நம்ம காட்டுக்கு வந்துச்சு?"

"வர வேண்டாம். கணக்க வச்சே சொல்லிரும்."

"படிச்ச புள்ள சொல்ற. நமக்கென்ன, புடுங்குறதுதான் சோலி," என்று குனிந்தாள்.

பத்து மணிக்குள் ஒரு படி முழுக்க வெறும் மண். ஒரு பூண்டைக் கழுவி, பிரசாதம் மாதிரி அப்பாவிடம் நீட்டினேன். நகத்தால் அழுத்தினார். தண்ணீராய் வடிந்தது. "எந்தப் படி இது?" என்றார். சொன்னேன். நோட்டை வாங்கிப் பார்த்தார்.

"மேல உள்ளத மேல எழுதிருக்க. கம்ப்யூட்டரு எங்கேர்ந்து எண்ணும்?"

"மேலேர்ந்துப்பா."

"நம்ம?"

"கீழேர்..."

வீட்டுப் பக்கம் இருப்பதுதான் முதல் படி. நடக்கத் தெரிந்த நாளிலிருந்து நான் ஏறி வருகிற காடு. எட்டில் இரண்டு போனால் ஆறு என்று பதறி, ஆறாம் படிக்கு ஓடப் பார்த்தேன். "அடி, ஏழுடி!" என்று அப்பா கத்தினார்.

அதன்பின் அவர் என் வாய்ச்சொல்லை நம்பத் தயாராக இல்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் மாவுக்கட்டுக் காலை நீட்டி உட்கார, நான்கு பெண்கள் அவரைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். காலியான இரண்டாம் படியைக் கடக்கும்போது அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். அந்த மண்ணிலேயே புதைந்துவிடலாம் போலிருந்தது.

ஏழாம் படியில் தாள் காய்ந்து சாய்ந்து கிடந்தது. அப்பா நாற்காலியிலிருந்தே குனிந்து ஒன்றைப் பிடுங்கினார். தோல் சலசலத்தது. ஒவ்வொரு பல்லும் திரண்டு தனியாக நின்றது.

"விதை கெடச்சிருச்சு," என்று மூச்சுவிட்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஒங் கம்ப்யூட்டரு சரியாத்தான் சொல்லிருக்கு. கேட்ட ஆளுதான் சரியில்ல," என்றார். பாண்டியம்மா அக்கா சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடியது.

இரண்டாம் படிப் பூண்டை என்ன செய்வது? ஒரு மாதம் பச்சைப் பூண்டுக் குழம்பு, பச்சைப் பூண்டுத் துவையல், பச்சைப் பூண்டுத் தொக்கு. சென்டரில் என் பக்கத்து இருக்கை காலியாகவே இருந்தது. பாடம் நடத்துகிற ஜெயந்தி மிஸ்கூட ஜன்னலோரமாகப் போய் நின்றுகொண்டார்.

இப்போது அதே சென்டரில் அந்த அரிச்சுவடியை நான்தான் நடத்துகிறேன். அப்பா பழையபடி காடேறுகிறார். ஆனால் ஏழாம் படி என்ற பெயர் மட்டும் எங்கள் காட்டிலிருந்து போய்விட்டது. இந்த வருஷமும் பாண்டியம்மா அக்கா ஆட்களோடு வந்தாள். "ரெண்டாம் படிலேர்ந்து ஆரம்பிங்க," என்றார் அப்பா. அக்கா கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"நம்ம ரெண்டா, கம்ப்யூட்டர் ரெண்டா?"