உன் அக்காவை வந்து கீழே இறக்கு

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. வழக்கப்படி இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று ஆரம்பிக்கத்தான் பேனாவைத் திறந்தேன். பொய் எழுத மனம் வரவில்லை. நான் சௌக்கியமாக இல்லை. உன் அக்கா தேவைக்கு மேல் சௌக்கியமாக இருக்கிறாள். இந்தக் கடிதமே அதைப் பற்றித்தான். போனில் சொன்னால் என்ன என்று கேட்பாய். போனில் பேசினால் அவள் காதில் விழும். உட்கார்ந்து எழுதினால் குறுக்கெழுத்துப் போடுகிறேன் என்று நினைத்து விட்டுவிடுவாள்.

எல்லாவற்றுக்கும் மூலகாரணம் நீதான், மறுக்காதே. முப்பத்தைந்து வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு ஒரு சாய்வு நாற்காலி வாங்கிக் கொடுத்திருக்கலாம், இல்லை ஒரு நல்ல தலையணை வாங்கிக் கொடுத்திருக்கலாம். நீ என்ன செய்தாய்? "அத்தான், இத்தனை வருஷம் மத்தவங்களை மேல அனுப்புனீங்க, இனிமே நீங்க மேல போங்க" என்று சொல்லி, எங்கள் இரண்டு பேர் பெயரையும் அந்த மலையேற்றக் கம்பெனியில் பதிந்துவிட்டு வந்தாய். நீ சொன்னதை நல்ல அர்த்தத்தில்தான் எடுத்துக்கொண்டேன். நாலு நாள், சின்ன மலை, கூடவே கைடு, காலாற நடந்துவிட்டு வரலாம் என்றாய். யார் காலாற என்று நீ சொல்லவில்லை.

அந்தக் கைடுக்குக் கடிகாரம் என்று பெயர் வைத்திருந்தார்கள், பத்து அடிக்கு ஒரு முறை மணி பார்ப்பார். முதல் நாளே எங்கள் ஒன்பது பேரையும் வரிசையாக நிற்கவைத்து, ஒவ்வொருவர் நடையையும் பார்த்துவிட்டு, "சார், நீங்க எனக்கு அடுத்து வாங்க" என்று என்னைக் கூப்பிட்டார். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பார். எட்டுப் பேர் இருக்க என்னைத் தன் பின்னால் நிறுத்துகிறார் என்றால் அனுபவசாலி என்று கண்டுகொண்டார், துணைத் தலைவர் பதவி என்று நினைத்தேன். நினைத்ததோடு நிற்கவில்லை. அவர் "பார்த்து, கல்லு வழுக்கும்" என்றால் நான் பின்னால் திரும்பி, "எல்லாரும் கேட்டுக்குங்க, கல்லு வழுக்கும்!" என்று கத்தினேன். ஒரு வங்கி மேனேஜர் ஷூ கயிற்றைச் சரியாகக் கட்டவில்லை என்று அவரைக் கண்டித்தேன். உன் அக்காவைக் கடைசி ஆளாக வாலில் விட்டிருந்தார்கள், எனக்குப் பரிதாபமாகக்கூட இருந்தது. அவள் தன் மூட்டையோடு மேனேஜர் மூட்டையையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வந்தாள் என்பதே எனக்குக் கூடாரத்துக்கு வந்த பிறகுதான் தெரியும்.

உச்சிக்குப் போகும் நாளன்று கைடு ஒரு சட்டம் சொன்னார். பகல் பன்னிரண்டு அடித்தால் யார் எந்த இடத்தில் நின்றாலும் திரும்பிவிட வேண்டும், மழை எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நானும் அதை வழக்கம்போல் பின்னால் திரும்பிக் கத்தினேன். பிறகு தண்ணீர் குடிக்க நின்றேன், மூச்சு வாங்க நின்றேன், காட்சியை ரசிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டு மறுபடி மூச்சு வாங்க நின்றேன். பன்னிரண்டு மணிக்கு உச்சி கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, இன்னும் நாற்பது நிமிட நடை. கடிகாரம் "திரும்பலாம்" என்றார். அத்தனை பேரும் திரும்பினார்கள். கீழே வந்ததும் அவரிடம், "தம்பி, எத்தனையோ பேர் இருக்க என்னை எதுக்குத் துணைத் தலைவராப் போட்டீங்க?" என்று பெருமையாகக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார். "சார், தப்பா நினைக்காதீங்க. வரிசையில யாரு ரொம்ப மெதுவோ அவங்களைத்தான் கைடுக்குப் பின்னாடி விடுவோம். அவங்க வேகம்தான் எல்லாருக்கும் வேகம்." மச்சான், ஏழாவது மாடியில் லிப்ட் கேபிள் அறுந்தாற்போல இருந்தது எனக்கு. உன் அக்காவைப் பார்த்தேன். "எனக்கு முதல் நாளே தெரியும்" என்றாள். "ஏன் சொல்லல?" என்றேன். "நீங்க சந்தோஷமா இருந்தீங்க, எதுக்குக் கெடுக்கணும்?" என்றாள்.

ஆனால் பன்னிரண்டு மணிக்குத் திரும்பும்போது அவள் அந்த உச்சியை ஒரு முறை பார்த்தாள், அது எனக்குத் தெரியும். அடுத்த வருடம் அவள் மட்டும் தனியாகப் போய் அதே மலையில் ஏறிவிட்டு வந்தாள். சரி, ஆசை தீர்ந்தது, இனி வீட்டில் இருப்பாள் என்று நினைத்தேன். எங்கே தீர்ந்தது! முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் வார்டுக்கு வார்டு நடந்த தலைமை நர்ஸ் கால் அது, சும்மா இருக்குமா? அந்தக் கம்பெனிக்காரன் உலகத்தின் எந்த மூலையில் எந்த மலை இருந்தாலும் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறானாம், அதற்கு ஒரு புத்தகம் அச்சடித்து அனுப்புகிறான். அதில் ஆறாயிரம் மீட்டருக்கு மேலே பனியோடு நிற்கும் ஒரு மலைக்குப் பென்சிலால் குறி போட்டிருக்கிறாள். இருபத்தொரு நாள். மேலே காற்று பாதிதான் இருக்குமாம். இங்கே முழுக் காற்று இருக்கும்போதே எனக்குப் போதவில்லை.

அதற்கான பயிற்சி என்ற பெயரில் என் மானத்தை வாங்குகிறாள். காலையில் ஒரு முறை, சாயங்காலம் ஒரு முறை, ஏழு மாடியும் படியில் ஏறி இறங்குகிறாள், முதுகில் பன்னிரண்டு கிலோ. அந்தப் பன்னிரண்டு கிலோ என்ன தெரியுமா? என்னுடைய லிப்ட் பராமரிப்புப் புத்தகங்கள், பைண்டு செய்து அலமாரியில் வைத்திருந்தேனே, அவை. அவள் படியில் போவதைப் பார்க்கிற ஒவ்வொருவரும் என் வீட்டுக் கதவைத் தட்டி, "லிப்ட் ரிப்பேரா சார்? மெக்கானிக் வீட்டம்மாவே படியில போறாங்களே?" என்று கேட்கிறார்கள். ஓடுகிறது என்று சொன்னால் நம்புவதில்லை, எனக்கு ஏதோ ரகசியம் தெரியும் என்று நினைக்கிறார்கள். இப்போது பாதிக் கட்டடம் படியில் போகிறது. மூன்றாம் மாடிப் பல் டாக்டர் கிளினிக்கில் ஆள் வரவில்லை என்று என்மேல் கோபமாக இருக்கிறார். வீட்டுக்குள் வந்தாலும் நிம்மதி இல்லை. சாப்பாட்டு மேசையின் காலில் கயிற்று முடிச்சுப் பழகுகிறாள், தடித்த கையுறை போட்டுக்கொண்டு சட்டைப் பொத்தான் போடுகிறாள், பொத்தான் என் சட்டைப் பொத்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். கம்பெனியிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. நெருங்கிய உறவினர் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், ஆபத்து என்றால் முதல் தகவல் அவருக்குத்தான். பனிச்சரிவு, கல் விழுதல், நுரையீரலில் நீர் கோத்தல் என்று பதினான்கு வகை ஆபத்தை எழுதி, "இவையெல்லாம் எனக்குத் தெரியும்" என்று அச்சடித்திருக்கிறான். தெரிந்துதானே கையெழுத்துப் போடவில்லை! நான் கையெழுத்துப் போட்ட லிப்ட் ஒன்றுகூட விழுந்ததில்லை. கேபிளைத் தொட்டுப் பார்த்து, பிரேக்கைச் சோதித்து, நானே ஒரு முறை ஏறி இறங்கி, அப்புறம்தான் கையெழுத்து. இந்த மலையை யார் சோதித்தார்கள்? அவள் கேட்கும்போதெல்லாம் நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளி, ஒன்பது நாளைக்கு முன் அந்தப் படிவத்தை மூன்றாவது பராமரிப்புப் புத்தகத்துக்குள் ஒளித்துவைத்தேன். அந்தப் புத்தகம் அவள் முதுகில் இருக்கிறது. ஒன்பது நாளாக அவளே அதை ஏழு மாடியும் சுமந்து திரிகிறாள்.

சிரிக்காதே. எனக்குப் பயமாக இருக்கிறது, மச்சான். அவள் இரண்டாவது தடவை போன நாலு நாளும் நான் இந்த வீட்டில் ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்குப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தேன். இவள் இல்லாமல் எனக்கு ஒன்றும் ஓடாது. இதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருப்பதால் முழங்காலுக்கு வயசாகிவிட்டது, ஊர் என்ன சொல்லும் என்று ஏதேதோ சொல்கிறேன். நீ சொன்னால் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை வந்து எப்படியாவது அந்த மலையிலிருந்து அவளை இறக்கிவிடு, உனக்குக் கோடிப் புண்ணியம்.

உன் மனைவியைக் கேட்டதாகச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசிகள், நன்றாகப் படிக்கட்டும், எங்கே போனாலும் லிப்டில் போகட்டும்.

இப்படிக்கு,
உன்மேல் மட்டுமே நம்பிக்கை வைத்திருக்கும்
அத்தான்

பி.கு.: இந்தக் கடிதத்தை ஒட்டி, தெருமுனைத் தபால் பெட்டியில் போடச் சொல்லி உன் அக்காவிடமே கொடுத்துவிட்டேன், அவள்தானே அந்தப் பக்கம் நடக்கப் போகிறாள் என்ற பழக்கம். உன் விலாசத்தைப் பார்த்ததும் வாசலில் நின்றபடியே பிரித்து எல்லாப் பக்கத்தையும் படித்துவிட்டாள். துணைத் தலைவர் கட்டம் வந்ததும் சிரித்தாள். அப்புறம் சிரிக்கவில்லை. "தம்பி போன வாரமே வேற படிவத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டான்" என்றாள். அடப்பாவி! உன்னிடம் போய் அழுதேனே! "அப்புறம் எதுக்கு என்கிட்ட கேட்டுக்கிட்டே இருந்தே?" என்றேன். "கையெழுத்துக்கா கேட்டேன்? போயிட்டு வான்னு ஒரு வார்த்தை நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்" என்றாள்.

நான் அவள் முதுகுப் பையைத் திறந்து படிவத்தை எடுத்து, கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்த வார்த்தையையும் சொன்னேன். உன் படிவத்தைக் கிழித்துப் போடும்படி கம்பெனிக்குச் சொல்லியாகிவிட்டது. மலையில் அவளுக்கு ஒன்று என்றால் முதல் போன் எனக்குத்தான் வர வேண்டும், உனக்கு அல்ல. நீ ஞாயிற்றுக்கிழமை வா, திட்டு வாங்கிக்கொண்டு போ. ஆனால் அவள் கிளம்பிய பிறகு அந்த இருபத்தொரு நாளும், உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன், நீ மட்டும் எனக்குப் போன் பண்ணிவிடாதே. மணி அடித்தாலே என் உயிர் போய்விடும்.