முப்பதைத் தாண்டாத முள்

நாடு மெர்டேக்கா என்று சுதந்திரம் வாங்கிய அதே மாதம் நானும் வாங்கிவிடுவதென்று முடிவு கட்டினேன். நாட்டை ஆண்டவன் வெள்ளைக்காரன். என்னை ஆள்பவள் என் மனைவி ருக்மணி.

பாவம், கெட்டவள் இல்லை. போன வருஷம் அவளுடைய ஒரே தம்பி சேதுபதி பத்து பெரெண்டாம் ஊர் வளைவில் மோட்டார் சைக்கிளோடு போய்ச் சேர்ந்தான். அன்றிலிருந்து எங்கள் காருக்கு முப்பது மைல்தான் வேகம். பக்கத்தில் உட்கார்ந்து சாமி பாட்டை முணுமுணுப்பாள். கண் மீட்டரிலேயே இருக்கும். முள் முப்பதைத் தாண்டினால் என் தொடையில் கிள்ளு விழும். தொடை முழுக்கத் தழும்பு ஐயா!

காஜா பேராங்கில் கார்ப் பட்டறை வைத்திருக்கும் பொன்னுதுரையிடம் போய்ப் பெரிய டயர் மாட்டச் சொன்னேன்.

"அண்ணே, இந்த டயருக்கு மீட்டர் குறைச்சுக் காட்டும். காடி முப்பத்தஞ்சுல போகும், முள்ளு முப்பதுன்னு சொல்லும். கியர்பாக்ஸ்ல ஒரு சின்னப் பல்சக்கரம் மாத்தினா சரியாயிடும்."

"மாத்திடாதே!"

"பொய் சொல்லுமே அண்ணே?"

"சொல்லட்டும்டா. எனக்காகப் பொய் சொல்ல வேற யாரு இருக்கா?"

அப்புறம் என்ன, ராஜா நான். அவள் முள்ளைப் பார்த்தாள், நான் பறந்தேன். செத்தவனை நினைத்து அவள் நடுங்குகிறாளே என்று எனக்கு ஒரு நாளாவது உறைத்ததா? இல்லை.

போன ஞாயிறு கிளேபாங்கிலிருக்கும் அவள் சித்தி வீட்டுக்குக் கிளம்பினோம். முள் முப்பதில் நின்றது. ரொட்டிக்காரர் சைக்கிளில் எங்களைத் தாண்டிப் போனார். மனுஷனுக்கு இன்றைக்கு என்ன அவசரமோ என்று நினைத்துக்கொண்டேன்.

திடீரென்று கோழியைத் துரத்திக்கொண்டு ஒரு பெண் குழந்தை ரோட்டுக்குள் ஓடி வந்தது. பிரேக்கை மிதித்தேன். ருக்மணி அலறினாள். கார் குழந்தையின் பாவாடையை உரசிக்கொண்டு நின்றது. அதன் தாய் ஓடி வந்து வாரி எடுத்தாள்.

அப்போதும் என் வாய் அடங்கவில்லை.

"பாத்தியா ருக்கு! முப்பத்தஞ்சுல வந்த காடி! எப்படி நிறுத்தினேன்!"

"முப்பத்தஞ்சா? முள்ளு முப்பதுன்னுல்ல காட்டுது?"

நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"ரெண்டுமில்லீங்க. இருபதுதான்" என்றாள்.

"என்ன உளர்றே?"

"வீட்டுல தொடங்கின பாட்டு சித்தி வாசல்லதான் முடியும். போன மாசம் முடியறதுக்கு முன்னாடியே வாசல் வந்துடுச்சு. பொன்னுதுரைகிட்டப் போய் அழுதேன். எல்லாத்தையும் சொல்லிட்டான். பல்சக்கரத்தை மாத்த வச்சேன். சரியா காட்டறதுக்கில்ல, கூட்டிக் காட்டறதுக்கு."

"எனக்குத் தெரியாமலா?"

"எனக்குத் தெரியாம டயர் மாத்தினீங்களே! நீங்களும் போயிட்டா நான் எங்கங்க போவேன்?"

அவள் குரல் உடைந்துவிட்டது. தாயின் இடுப்பிலிருந்து அந்தக் குழந்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "ஏமாத்திட்டேன்னு கோவமா? நாளைக்கே மீட்டரைச் சரி பண்ணச் சொல்லிடவா?"

"வேணாம் ருக்கு" என்றேன்.