சுரைக்காயில் ஒரு பிறைநிலா

உலகத்தில் வைத்தியர் உண்டு, வக்கீல் உண்டு. இவர்கள் எல்லாருக்கும் மேலே நகப் பரிசோதகர் என்று ஓர் இனம் உண்டு. காய்கறிக் கடைக்குப் போனால் பார்க்கலாம். சுரைக்காயைக் கண்டதும் இவருடைய வலது கட்டைவிரல் தானாக நிமிரும்; சற்றுமுன் காது குடைந்து, மூக்கைத் துடைத்து, பஸ் கம்பியைப் பிடித்துத் தொங்கிய அதே விரல்; ஒரு குத்து; தோலில் ஒரு பிறைநிலா. "முத்தல்!" அடுத்த காயில் அடுத்த குத்து. வாங்குவாரா? வாங்கிவிட்டால் அப்புறம் என்ன நிபுணர்?

எங்கள் தெரு நிபுணர் குத்திக்கொண்டே சொற்பொழிவும் ஆற்றுவார்.

"ஏம்மா, பாக்டீரியான்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா? தோல் கிழிஞ்ச காயில பூந்துடும். காயும் அழுகும், தின்னவன் வயிறும் கெடும்!"

"தெரியும் சார். அதுக்குக் கதவைத் திறந்து விடுறதே நீங்கதானே?" என்பார் கடைக்காரம்மா.

அவ்வளவு குடைந்த காது, இது மட்டும் அதில் விழாது.

இரண்டு நாள் கழித்து வருவார். பிறைநிலாக்கள் கறுத்துக் கொழகொழத்திருக்கும். "பாத்தியா, நான் அப்பவே சொன்னேன்!" என்று தன் ஞானதிருஷ்டியைத் தானே மெச்சிக்கொள்வார். கடைக்காரம்மா அத்தனையையும் பொறுக்கிக் குப்பையில் போடுவார். வயிறு எரியாதா அவருக்கு?

இப்படி இருக்கையில், நிபுணரோடு கோபித்துக்கொண்டு ஒரு வருஷமாகப் பேசாமல் இருந்த அவருடைய மருமகன் சாப்பிட வரச் சம்மதித்தார். அவருக்குச் சுரைக்காய் என்றால் உயிர்.

"காய் சரியில்லேன்னா மாப்பிள்ளை திரும்பிப் பாக்காம போயிடுவாரு. விரலை மடக்கி வெச்சுக்கிட்டுப் போங்க," என்று மனைவி எச்சரித்து அனுப்பினார்.

நிபுணர் மார்க்கெட்டில் ஒரு கடை விடாமல் ஏறி இறங்கினார். எங்கும் பிறைநிலா, எங்கும் அழுகல். கடைசியில் கடைக்காரம்மாவிடம் வந்து, "எந்தப் படுபாவி இப்படிக் குத்தி வெச்சிருக்கான்?" என்று கத்தினார்.

"உங்க விரலை வெச்சுப் பாருங்க சார்."

வைத்தார். சட்டிக்கு மூடி மாதிரிப் பொருந்தியது. மனுஷன் முகம் செத்துவிட்டது.

பாவம் என்று இரங்கி, இவர் கண்ணில் படாமல் சாக்குக்கு அடியில் ஒளித்து வைத்திருந்த ஒரே ஒரு காயை எடுத்துக் கொடுத்தார் கடைக்காரம்மா. பளபளவென்று, கீறல் இல்லாத காய். வழியெல்லாம் விரல் அரித்தது. கட்டைவிரலை உள்ளங்கைக்குள் பொத்திக்கொண்டு, அழாக்குறையாக வீடு வந்து சேர்ந்தார். குத்தவில்லை ஐயா, சத்தியமாகக் குத்தவில்லை!

வாசலில் மருமகன் நின்றார். காயைப் பார்த்தார். ஒரு வருஷம் கழித்து வாய் திறந்தார்.

"இப்படிக் குடுங்க மாமா."

வாங்கினார். வலது கட்டைவிரல் நிமிர்ந்தது. ஒரே குத்து.

"முத்தல்!"

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. பாய்ந்து கட்டிக்கொண்டார். "எனக்கும் அதே சந்தேகம்தான் மாப்ளே!"

சிரிக்கிறீர்களா? நன்றாகச் சிரியுங்கள். அப்படியே உங்கள் வலது கட்டைவிரலைக் கொஞ்சம் வெளிச்சத்தில் காட்டுங்கள். நகத்துக்கு அடியில் பச்சையாக என்ன அது?