ஒரு வயசு குறையறது

"ஒரு வயசு குறையறது" என்றாள் ஜெயலக்ஷ்மி, நீச்சல் குளத்தின் ஓரத்தில் நின்றபடி.

"யாருக்கு?" என்றார் அவள் கணவர் பட்டாபி ஆவலாக.

"நம்ம ரிலே டீமுக்கு. நாலு பேர் வயசையும் கூட்டினா இருநூத்தி முப்பத்தொன்பதுதான் வர்றது."

பட்டாபியின் வாயிலிருந்த விசில் கீழே விழுந்தது. திருவனந்தபுரத்தில் பெரியவர்களுக்கென்று ஒரு நீச்சல் போட்டி நடத்தியே தீருவேன் என்று கிளம்பிய செயலாளர் அவர்தான். இந்தப் போட்டிகளில் ரிலே டீமுக்கு நால்வரின் மொத்த வயதுதான் பிரிவு. இருநூற்று நாற்பதிலிருந்து தொடங்கும் பிரிவில் வேறு டீமே இல்லை. மூழ்காமல் கரை சேர்ந்தால் தங்கம். ஒன்று குறைந்தால் கீழ்ப் பிரிவு. அங்கே கொல்லத்திலிருந்து வந்த ரிட்டயர்டு போலீஸ்காரர்களும் போலீஸ்காரிகளும். இப்போதே கரையில் தண்டால் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

போதாததற்கு, 'தங்கம் வென்ற தங்கங்கள்' என்று நால்வர் படத்தோடு ஃப்ளெக்ஸ் அடித்து, அவர்கள் குடியிருக்கும் ஸ்ரீவராகம் தெருமுனையில் நேற்றே கட்டியாகிவிட்டது.

"நேத்து சாயந்திரம் நீச்சல் சங்கத்திலேர்ந்து அஜிதா வந்து விதியெல்லாம் சொன்னாளே, நீங்க கேக்கலையா?" என்றாள் ஜெயலக்ஷ்மி.

"நான் லேன் கயிறு கட்டிண்டிருந்தேன். நீதானே கேட்டுண்டிருந்தே?"

"கேட்டேன். அதான் சொல்றேன். வேலாயுதனுக்கு அறுபத்திரண்டு. ரத்னாபாய்க்கு அறுபத்தொண்ணு. நேக்கு அம்பத்தொன்பது. உங்களுக்கு..."

"அம்பத்தேழு!" என்றார் பட்டாபி, நாலு பேருக்குக் கேட்கும்படி.

அது குளத்து வயசு. வீட்டு வயசு அறுபத்துமூன்று. தலைக்கு மை, மீசைக்கு மை. அடையாள அட்டைகளைச் சரிபார்க்கும் பொறுப்பும் செயலாளரிடமே. ஜெயலக்ஷ்மி நீந்த வந்த முதல் நாள் யாரோ, "சேச்சி இவரோட அக்காவா?" என்று கேட்டுவிட்டார்கள். அதை பட்டாபி தெரு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஜெயலக்ஷ்மி சிரித்ததாக யாரும் சொல்லவில்லை.

"நிஜத்தைச் சொல்லிடுங்கோளேன். காரியம் முடிஞ்சுடும்."

"ஷ்ஷ்! நான் வேற வழி பாக்கறேன்."

வழி கரையிலேயே துண்டோடு உட்கார்ந்திருந்தது. ஆறுமுகநயினார். எண்பது வயது. தினமும் கோயில் குளத்தில் நீந்துகிறவர், வேடிக்கை பார்க்க வந்திருந்தார்.

"மாமா, வேலாயுதனுக்குப் பதிலா நீங்க இறங்கணும்."

"அதுக்கென்ன, இறங்குதேன். ஆனா எனக்குக் குளத்தச் சுத்தித்தான் வரத் தெரியும். நேரா போகச் சொல்லப்பிடாது. தெரிஞ்சவன் எவனாச்சும் வந்தா நின்னு பேசுவேன்."

சொல்லி முடிப்பதற்குள் இறங்கிவிட்டார்.

வேலாயுதன் தம்பானூரில் ஹோட்டல் வைத்திருப்பவர். அன்றைக்கு அத்தனை பேருக்கும் மத்தியானச் சாப்பாடு அவர் உபயம்.

"என்னை மாத்தியாச்சா, சாமி? செரி, செரி" என்று போனை எடுத்தார். "டேய், சாப்பாட்டு வண்டி எங்க வந்திருக்கு? அங்ஙனயே திருப்பு!"

"ஐயோ, வேண்டாம்! நீங்களே நீந்துங்கோ!"

வண்டி திரும்பவில்லை. ஆனால் நயினார் கரையேறவில்லை. லேன் கயிறுகளுக்கு அடியில் புகுந்து புகுந்து இரண்டாவது சுற்று வந்துகொண்டிருந்தார்.

பட்டாபி ரத்னாபாயிடம் ஓடினார். அவர் ரிட்டயர்டு நர்ஸ். அவரும் அவரோடு வேலை பார்த்த மற்ற நர்ஸுகளும்தான் ஸ்டாப்வாட்ச் பிடித்து நேரம் குறிக்கிறவர்கள்.

"உங்களுக்கு நிஜமாவே அறுபத்தொண்ணுதானா? பாத்தா இன்னும் கூட இருக்கும்போலன்னா இருக்கு?"

"என்ன சொன்னீங்க?"

"நல்லதாத்தான் சொன்னேன்!"

"பிள்ளைகளே, வாட்ச்ச கீழ வையுங்க" என்றார் ரத்னாபாய். எல்லா லேனிலும் ஸ்டாப்வாட்சுகள் தரைக்கு வந்தன.

அப்போது அஜிதா மைக்கில் கூப்பிட்டாள்: "அடுத்தது மிக்ஸட் ரிலே! டீமுகள் வரணும்! குளத்து வெள்ளத்துல சுத்தற வயசான அப்பூப்பன் தயவுசெய்து மேல கேறணும்!"

"சாப்பாடு இருக்கு. வாட்ச் இல்லை. வயசும் இல்லை" என்றாள் ஜெயலக்ஷ்மி.

"நீயும் ஏண்டி?"

"ஆளப் பாத்து வயசு கேக்கீங்களே," என்று ரத்னாபாய் முன்னால் வந்தார், "ஒங்க கார்ட யாரு பாத்தா?"

"அது நியாயம்" என்றார் வேலாயுதன். "காட்டுங்க, சாமி."

பட்டாபி போலீஸ்காரர்களைப் பார்த்தார். தண்டால் முடிந்து பஸ்கி தொடங்கியிருந்தது. தெருமுனை ஃப்ளெக்ஸ் கண்முன் வந்தது. அதற்குக் கீழே நின்று சிரிக்கப்போகிற முகங்களும் வந்தன. ஜெயலக்ஷ்மியின் காதருகே குனிந்து ஏதோ முணுமுணுத்தார்.

அவள் அஜிதாவிடமிருந்து மைக்கை வாங்கி அவர் வாயருகே நீட்டினாள். "மெல்லச் சொன்னா யாருக்குக் கேக்கும்? இதுல சொல்லுங்கோ."

"அறுபத்துமூணு!"

குளம் முழுக்க எதிரொலித்தது. நடுத்தண்ணீரில் நயினார் நின்றார். "எவ்வளவுங்கே?"

"அறுபத்துமூணு, மாமா!" மறுபடியும் மைக்கில்தான்.

"அப்படியா! மை நல்ல மைதான்" என்று சொல்லிவிட்டு அவர் மூன்றாவது சுற்றுக்குக் கிளம்பினார்.

ரத்னாபாய் சிரித்த சிரிப்பில் கோபம் எங்கேயோ போய்விட்டது. "பிள்ளைகளே, வாட்ச்ச எடுங்க! அப்பம் ஜெயாம்மா இவருக்கு அக்கா மாதிரியா இருக்காங்க? மக மாதிரில்லா இருக்காங்க!"

ஜெயலக்ஷ்மி தலைமுடியை நீச்சல் தொப்பிக்குள் நிதானமாகச் செருகிக்கொண்டாள். "இருநூத்தி நாப்பத்தஞ்சு. தாராளமா இருக்கு. வாங்கோ, நீந்தலாம்."

மைக்கைத் திரும்ப வாங்கிய அஜிதா, பட்டாபியை ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

"இதுக்கு எதுக்கு சாரே இத்தனை பாடு? டிசம்பர் முப்பத்தொண்ணுல உள்ள வயசல்லே கணக்கு? நவம்பர்ல வேலாயுதன் சேட்டனுக்கு ஒண்ணு கூடும், இருநூத்தி நாப்பது சரியாச்சுன்னு நேத்தே இந்த மாமிகிட்ட சொன்னேனே!"