கால் கட்டைவிரல் பூட்டு

டைல்ஸ்காரர் ஒரு முடிவுக்கு வந்தார். இனி அவருடைய போனை அவரைத் தவிர ஈ எறும்புகூடத் திறக்கக் கூடாது.

அப்படி என்ன புதையல் என்கிறீர்களா? மீன்கள்தான். ஞாயிற்றுக்கிழமை தோறும் "பெரிய வீடு ஒண்ணுல அவசர வேலை" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, கூட வேலை செய்யும் பெயின்டரோடு ஏரிக்கரையில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். பிடித்த மீனைப் படம் எடுத்துவிட்டுத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார். படங்களை அழிக்க மட்டும் மனம் வரவில்லை. வாழ்க்கையில் அவர் ஜெயித்ததற்கு வேறு சாட்சி இல்லை.

விஷயம் தெரிந்தால் ஞாயிற்றுக்கிழமை கைவிட்டுப் போய்விடும். ஊரார் குளியலறைக்கெல்லாம் பளபளவென்று டைல்ஸ் பதித்தவர், சொந்தக் குளியலறையை வெறும் சிமெண்ட் தரையாகவே விட்டு வைத்திருந்தார். ஒரு ஞாயிறு ஓய்வு கிடைக்கட்டும், முதல் வேலை அதுதான் என்று வாக்குக் கொடுத்திருந்தார். கல்யாணமான புதிதில்.

முதலில் எண் பூட்டுப் போட்டார். அளவெடுத்தே பழகியவர், எந்த எண்ணையும் வாய்விட்டுச் சொன்னால்தான் அவருக்குக் கை ஓடும். போனைத் திறக்கும்போதும் சொன்னார். அடுப்படியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

"கடைசி எண் ஏழுங்க. ஒன்பது இல்ல."

அடுத்து கைரேகை. போன் கடைக்காரர் அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்துச் சலித்து, கையைத் திருப்பிப் பார்த்தார். சிமெண்டில் ரேகையெல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது.

"அண்ணே, இதுல ஒண்ணுமே இல்லண்ணே."

வேறு வழியே இல்லையா என்று கேட்டதற்கு, கடைக்காரர் தமாஷாகத்தான் அவருடைய காலைக் காட்டினார். டைல்ஸ்காரர் செருப்பைக் கழற்றிவிட்டார்.

அன்றிலிருந்து ஒரு செய்தி வந்தால் போதும், எங்கே இருந்தாலும் உட்கார்ந்து, வலது காலைத் தூக்கித் தொடைமேல் போட்டு, கட்டைவிரலைப் போனில் அழுத்துவார். பேருந்தில் பக்கத்தில் இருந்தவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போனார். முட்டி வலித்தது. ஆனாலும் இப்படியொரு பூட்டை எவள் திறப்பாள் என்ற நிம்மதியில் மதியத் தூக்கம் நன்றாக வந்தது. உயரமான மனிதர். போர்வையைத் தலைவரை இழுத்தால் கால் வெளியே வந்துவிடும்.

ஒரு சனிக்கிழமை மதியம் காலில் ஏதோ குறுகுறுத்தது. விழித்துப் பார்த்தார். கால்மாட்டில் மனைவி, கையில் அவருடைய போன்.

"நகத்த வெட்டக் கூடாதாங்க? கண்ணாடியில கீறல் விழுது."

பிடுங்கினார். அவசர அவசரமாக எல்லாப் படங்களையும் அழித்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு கம்பீரமாகக் கேட்டார்.

"என்ன மீன்? எங்க மீன்?"

அவள் மீன் என்ற சொல்லையே எடுத்திருக்கவில்லை. கோபப்படவும் இல்லை.

"அழிச்சா போகட்டும். தண்ணிக்கரைக்குப் போற போனு, விழுந்து கிழுந்து வச்சா என்ன பண்றதுன்னு வாராவாரம் நான் பேக்கப் எடுத்துடறேன். என் போன்ல ஒண்ணு இருக்கு. அம்மா போன்ல ஒண்ணு."

"உங்கம்மா போன்ல எதுக்கும்மா?"

"ஒரே இடத்துல வச்சா பத்திரம் இல்லையாமே."

அத்தை ஏதாவது சொன்னார்களா என்று மெல்லக் கேட்டார்.

"மீனெல்லாம் நல்லா இருக்குன்னாங்க. அவங்க குளியலறையும் வெறும் சிமெண்ட் தரைதானே, நம்ம வீட்ட முடிச்சதும் அங்க வந்துடுவீங்கன்னு சொல்லிட்டேன்."